நெளிந்த சருவமும் சமாதானக் கூடமும்

மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் செசிலியின் முகத்தை அறியாதவர்கள் இருக்கலாம், குரலை அறியாதவர்கள் கிடையாது. வீட்டுக்காரர் அல்போன்ஸின் தட்டைப் பார்த்து, "இன்னும் கொஞ்சம் சோறு வைக்கட்டா?" என்று அவள் கேட்டால், நாலாவது வீட்டுக்காரி, "அல்போன்ஸ் அண்ணனுக்கு இண்ணைக்கு நல்ல பசி போல" என்று சொல்லிக்கொள்வாள். சாதாரணப் பேச்சே இப்படி என்றால் சண்டையைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. அப்பேர்ப்பட்ட செசிலிதான் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் பொதுமக்களுக்கும் சமாதானத்தைப் பற்றி வகுப்பெடுத்தாள். சம்பளத்துக்கு எடுத்தாள். நம்பாதவர்கள் அந்தப் பக்கம் யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுக்கொள்ளலாம்.

நடந்தது இதுதான். சுனாமிக்குப் பிறகு அந்தக் கரைக்கு வராத ஆட்கள் இல்லை. படகு கொடுத்தார்கள், பாய் கொடுத்தார்கள், ஒரே வீட்டுக்கு மூன்று தையல் மிஷின் கொடுத்தார்கள். எல்லாரும் கொடுத்து முடித்துப் போன பிறகு, சென்னையிலிருந்து ஒரு டிரஸ்ட் சமாதானம் கொடுக்க வந்தது. நிவாரண அரிசி அடுக்கியிருந்த குடோன் சும்மா கிடந்தது. அதற்கு வெள்ளையடித்து, ‘சமாதானக் கூடம்’ என்று போர்டு மாட்டினார்கள். மியூசியம் என்றால் கண்ணாடிப் பெட்டியும் ‘தொடாதே’ என்ற அட்டையும்தானே நமக்குத் தெரியும்? இங்கே எல்லாவற்றையும் தொட வேண்டும், இழுக்க வேண்டும், பேச வேண்டும். அப்படிச் செய்தால்தான் மனிதன் அடிதடியை விடுவான் என்பது அவர்கள் கொள்கை.

உள்ளே ஒரு கண்ணாடி. அதன் முன்னால் நின்று வீட்டில் கோபப்படுவதுபோல முகத்தை வைத்துக்காட்ட வேண்டும். ‘உங்கள் பிள்ளைகள் தினமும் பார்ப்பது இதைத்தான்’ என்று அடியில் எழுதியிருக்கும். அடுத்து, இரண்டு பக்கமும் கைப்பிடி வைத்த ஒரு பெட்டி. இரண்டு பேர் ஒரே வேகத்தில் சுற்றினால்தான் மேலே பல்பு எரியும். புருசன் பெண்டாட்டியாக வந்து சுற்றியவர்களில் பாதிப் பேர் அங்கேயே புதுச்சண்டை ஒன்றைத் தொடங்கி வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். மூலையில் ஒரு டெலிபோன். பிணங்கி இருப்பவரிடம் பேச நினைப்பதை அதில் பேசிப் பழகலாம். மறுமுனையில் ஆள் கிடையாது. நம் ஆட்கள் ரிசீவரை எடுத்து நாலு தடவை "அலோ, அலோ" என்று கத்திவிட்டு, லைன் சரியில்லை என்று புகார் சொல்லிவிட்டுப் போனார்கள்.

கூடத்துக்குப் பொறுப்பாளர் நாராயணபெருமாள் சார். சுசீந்திரத்துக்காரர். தங்கமான மனுஷன், ஆனால் பேசினால் அவருடைய மீசைக்கு மட்டும்தான் கேட்கும். செசிலி அங்கே தூத்துப் பெருக்கத்தான் போனாள். முட்டுவலி வந்து, மீன் போடும் அலுமினியப் பாத்திரமான சருவத்தைத் தலையில் சுமக்க முடியாமல் ஆனபோது, பங்குச்சாமியார் சொல்லிக் கிடைத்த வேலை. ஒருநாள் கரண்டு போய் சாரின் மைக் செத்துவிட்டது. வந்திருந்த பள்ளிக்கூடப் பிள்ளைகள் சமாதானக் கூடத்துக்குள் ஒருவரையொருவர் துரத்தித் துரத்தி அடித்துக்கொண்டிருந்தார்கள். செசிலி விளக்குமாற்றைக் கீழே போட்டுவிட்டு, "ஏலே!" என்று ஒரே ஒரு சத்தம் கொடுத்தாள். அத்தனை பேரும் இருந்த இடத்தில் உட்கார்ந்தார்கள். கூட வந்த வாத்தியாரும் உட்கார்ந்தார். அந்த வருடங்களில் கரண்டு இருந்த நேரத்தைவிட இல்லாத நேரம்தான் கூடுதல் என்பதால், அந்த மாதமே அவளைக் கூடத்தின் வழிகாட்டி ஆக்கிவிட்டார்கள்.

வெளியே இப்படி ஊருக்கெல்லாம் சமாதானம் சொன்னவளுக்கு உள்ளே ஒரு நெருப்பு கிடந்தது. அதன் பெயர் சகாயசெல்வி.

சகாயசெல்வியும் செசிலியும் ஒரு காலத்தில் கூட்டு வியாபாரம். விடியும்முன் கரையில் சேர்ந்து ஏலம் எடுப்பார்கள், ஒரே டெம்போவில் கருங்கல் சந்தைக்குப் போவார்கள், பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து விற்பார்கள். செசிலியின் மகள் லிஜாவுக்கு ஞானஸ்நானத்தின்போது தலையைப் பிடித்துத் தண்ணீருக்குக் காட்டிய தலைதொட்டம்மாவும் சகாயசெல்விதான். சகாயசெல்விக்குப் பிள்ளை கிடையாது. லிஜாவைத்தான் பிள்ளை என்று வைத்திருந்தாள். பிறந்தநாளுக்குச் சட்டை, கோயிலில் முதல் நன்மை வாங்குகிற நாளுக்கு வெள்ளை உடுப்பு, பள்ளிக்கூடம் போகக் குடை என்று பெற்றவளுக்கு முன்னால் அவள் வாங்கிவிடுவாள்.

அந்த உறவு கெட்டது ஒரு சாளை மீனால். கருங்கல் சந்தையில் ஒரு டீச்சர் செசிலியின் சருவத்தில் கையை வைத்தபோது, பக்கத்திலிருந்த சகாயசெல்வி, "அது ஐஸ்ல கெடந்த பழைய மீனு டீச்சரே, வேண்டாம்" என்று சொல்லிவிட்டாள். பொய் என்றால் செசிலி சிரித்துக்கொண்டு போயிருப்பாள். உண்மை என்பதால் ஆத்திரம் வந்துவிட்டது. மீனைக் கொட்டிவிட்டுச் சருவத்தைத் தூக்கி எறிந்தாள். எறிந்த கையோடு ஒரு வார்த்தையும் சொன்னாள். என்ன சொன்னாள் என்பதை அவள் பிறகு யாரிடமும் திருப்பிச் சொன்னதில்லை, அல்போன்ஸிடம்கூட. நெளிந்த சருவத்தைச் சகாயசெல்வி எடுத்துக்கொண்டு போனாள். அன்றைக்கு நின்ற பேச்சு நாலு வருடமாகியும் தொடங்கவில்லை.

இப்போது லிஜா நர்ஸ் படிப்பு முடித்து நாகர்கோவிலில் வேலைக்குப் போகிறாள். மாப்பிள்ளை ஷிஜின், மஸ்கட்டிலிருந்து சின்ன லீவில் வருகிறவன். எல்லாம் கூடிவந்த நேரத்தில் பெண் ஒரு போடு போட்டாள்.

"தொட்டம்மா வந்து எனக்க தலையில கைய வச்சாத்தான் நான் கோயிலுக்குப் புறப்படுவேன். இல்லேன்னா ஷிஜின வந்த பிளேன்லயே திருப்பி அனுப்பு."

"நான் போயி விளிக்கணுமா அவள? நீ போயி விளியேன்!"

"நான் எத்தன தடவ போனேன். முகம் கொடுத்து ஒரு வார்த்த மிண்ட மாட்டேங்கு. நீ என்னமோ சொல்லிருக்க. போயி அதச் சரியாக்கு."

பெண் தாயைப்போலத்தான், சொன்னால் சொன்னதுதான். கல்யாணம் நின்றுவிடுமோ என்ற பயம் செசிலிக்கு இருந்தது. ஆனாலும் கால் போகவில்லை. போகலாம் என்று மனம் கொஞ்சம் இளகிய வாரத்தில்தான் நாராயணபெருமாள் சார் ஒரு நல்ல காரியம் செய்தார்.

கூடத்தில் ஒரு சுவர் காலியாக இருந்தது. ‘உங்கள் கோபத்தின் ஆயுதத்தை எங்களிடம் ஒப்படையுங்கள்’ என்று நோட்டீஸ் அடித்து ஊர் ஊராக ஒட்டினார். அரிவாளையும் கம்பையும் மனம் திருந்திய ஜனங்கள் கண்ணீரோடு கொண்டுவந்து வைப்பார்கள், அதைப் பார்த்துப் பார்ப்பவர்களும் திருந்துவார்கள் என்பது ஏற்பாடு. பாவம், இத்தனை வருடம் இந்த மாவட்டத்தில் இருந்தும் அவர் ஒன்றை மறந்துவிட்டார். நம்மூரில் கோயிலானாலும் சர்ச்சானாலும் ஒரு டியூப்லைட் கொடுத்தால் வெளிச்சம் வருகிற இடம் போக மீதி இடமெல்லாம் ‘உபயம்’ என்று பெயர் எழுதிவிடுவார்கள். ஒரு பொருள் ஒரு பொது இடத்தின் சுவரில் ஏறுகிறது என்றால் அது குடும்ப கௌரவம். ஜனங்கள் கண்ணீரோடு வரவில்லை, பெயின்ட்டோடு வந்தார்கள்.

முதல் ஆள் கருங்கல் ஞானையன். சாணை பிடித்துப் பளபளக்கிற வெட்டுகத்தி, பிடியில் மஞ்சள் பெயின்ட்டில் ‘உபயம்: ஞானையன் குடும்பத்தார்’.

"எல்லைத் தகராறுல குமாரதாஸுக்க அப்பன எங்கப்பா வெட்டப் போன கத்தி சாரே."

"ஐயோ! வெட்டிட்டாரா?" என்றார் சார்.

"வெட்டல்ல. போனாரு. வாசலுக்கு நேரா மாட்டுங்க, வாறவங்களுக்குத் தெரியட்டும்."

மறுநாளே குமாரதாஸ் வந்து குதித்தார். "வெட்டப் போனவனுக்கு வாசலுக்கு நேரா இடமா? அண்ணைக்கு எங்கப்பா மம்பட்டி எடுத்த எடுப்புல அந்த ஆளு தோட்டம் தாண்டி ஓடினாரு, அது தெரியுமா உங்களுக்கு?" என்று சொல்லி மம்பட்டியை வைத்தார். அதில் பெயர் சிவப்புப் பெயின்ட்டில், ஞானையன் பெயரைவிட ஒரு விரல் பெரிதாக. எது மேலே, எது கீழே என்று இரண்டு குடும்பமும் கூடத்துக்குள்ளேயே வேட்டியை மடித்துக் கட்டிவிட்டது. சார் டேப் வைத்து அளந்து இரண்டையும் ஒரே உயரத்தில் மாட்டினார். அப்புறம் வலப்பக்கம் யாருக்கு என்று தொடங்கினார்கள். சீட்டுக் குலுக்கிப் போட்டுத்தான் முடித்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு வீட்டாரும் விருந்தாளிகளைக் கூட்டிவந்து சுவர் முன்னால் போட்டோ பிடித்துக்கொண்டார்கள்.

இந்தத் திருவிழாவுக்கு நடுவில் ஒருநாள் செசிலி காலையில் வந்து பார்க்கிறாள், சுவரில் ஒரு மீன் சருவம் தொங்குகிறது. ஒரு பக்கம் நெளிந்திருக்கிறது. அடியில் பெயின்ட்: ‘உபயம்: சகாயசெல்வி. எறிஞ்சது: செசிலி.’

"நேத்து சாயங்காலம் நீங்க போன பிறகு ஒரு அம்மா வந்து கொடுத்துட்டுப் போனாங்க. ரொம்ப அமைதியா இருந்தாங்க" என்றார் சார். பிறகு பெயரைப் படித்தார். பிறகு செசிலியைப் பார்த்தார். மனுஷனுக்கு வியர்த்துவிட்டது. "வேணும்னா எடுத்துரலாம், செசிலியம்மா."

"எடுக்காதீங்க! தொங்கட்டும்! என்னை ஊரறிய தொங்க விட்டுட்டால்லா? இனி அவளுக்க வாசல்ல போயி நான் நிக்கணுமா? எனக்க செருப்பு போவும்!"

அன்று மாலை வீட்டில் லிஜாவிடமும் அதையே சொன்னாள். "அப்ப ஷிஜின் செருப்புக்குத் தாலி கட்டட்டும்" என்று சொல்லிவிட்டுப் பெண் போய்ப் படுத்துக்கொண்டாள்.

சுவரில் ஒன்று தொங்கினால் வருகிறவர்களுக்கு அதைப்பற்றிச் சொல்லாமல் இருக்க முடியுமா? முதல் வாரம் செசிலி, "இது ஒரு பொம்பள கோவத்துல எறிஞ்சது" என்று சொல்லி வேகமாகக் கடந்தாள். பிள்ளைகள் விடவில்லை. யார் எறிஞ்சா, எதுக்கு எறிஞ்சா, ரத்தம் வந்துதா? ஒரு நாள் பொறுக்க முடியாமல், "நான்தாம்ல எறிஞ்சேன்!" என்று சொல்லிவிட்டாள். கூட்டம் அப்படியே வாயைப் பிளந்தது. வெட்டுகத்திக்கும் மம்பட்டிக்கும் கிடைக்காத மரியாதை சருவத்துக்குக் கிடைத்தது. எறிந்தவளே நேரில் நின்று கதை சொல்கிற மியூசியம் வேறு எங்கே உண்டு?

அதோடு கதைக்குக் கால் முளைத்தது. சருவத்தைக் கொக்கியிலிருந்து எடுத்துக் கையைச் சுழற்றிக் காட்டுவாள், முன்வரிசைப் பிள்ளைகள் குனிந்துகொள்வார்கள். ஒரு மாதத்தில் சருவம் சந்தையைத் தாண்டிப் பறக்கத் தொடங்கியது. ஒரு அரசு பஸ் பிரேக் போட்டு நின்றது. சகாயசெல்வி இடுப்பில் மீன்கத்தி வந்தது. அடுத்த மாதம் அவள் அதை உருவவும் செய்தாள். எப்படிப் போனாலும் முடிவு ஒன்றுதான்: "அதனால மக்கா, கோவம் வந்தா கையில கெடக்கறத கீழ வச்சிரணும்." கைதட்டல் கூரையைப் பிய்க்கும். சொன்ன வார்த்தையைப் பற்றி மட்டும் அவள் மூச்சு விடுவதில்லை. அந்த இடம் வந்ததும் தாண்டிக் குதித்துவிடுவாள்.

கல்யாணத்துக்கு முன்னால் கோயிலில் மூன்று தடவை ஓலை, அதாவது கல்யாண அறிவிப்பு, வாசிக்க வேண்டும். முதல் ஓலை வாசித்தாயிற்று. பெயர்களை வாசித்துவிட்டு, இந்தத் திருமணத்துக்குத் தடை அறிந்தவர்கள் சொல்லலாம் என்று சாமியார் சொன்னபோது, லிஜா திரும்பித் தாயை ஒரு பார்வை பார்த்தாள். செசிலி ஜெபமாலையைப் பார்த்துக் குனிந்துகொண்டாள்.

அந்த வாரம்தான் ஒரு மத்தியானம், சந்தை முடிந்து திரும்புகிற டெம்போ கூடத்தின் வாசலில் நின்றது. சருவக் கதை சந்தை வரைக்கும் எட்டியிருந்தது. மீன்காரப் பெண்கள் சும்மாட்டைக் கையில் சுருட்டிக்கொண்டு இறங்கினார்கள். கடைசியாக இறங்கியவள் சகாயசெல்வி. உள்ளே செசிலி ஒரு பள்ளிக்கூடக் கூட்டத்துக்கு நடுவில் சருவத்தைச் சுழற்றிக்கொண்டிருந்தாள்.

"பஸ்ஸு பிரேக்கு போட்டு நிக்குது! இவ இடுப்புல இருந்து கத்திய..."

"பஸ்ஸு எங்கட்டி வந்தது சந்தைக்குள்ள?" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

செசிலிக்குக் கை அந்தரத்தில் நின்றது. பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள்.

"எனக்க இடுப்புல ஏதுட்டி கத்தி? வெத்தலப் பைதான் இருந்துது. என்ன மீனுன்னு சொன்னியா பிள்ளைகளுக்கு?"

"நெத்திலி" என்றான் முன்வரிசைப் பையன் ஒருவன்.

"சாளை! ஐஸ் சாளை! அதையும் மாத்திட்டா!"

"நீ எதுக்குட்டி டீச்சர்ட்ட சொன்ன? கூட்டு வியாபாரம் செய்யக்கூடியவ சொல்லுவாளா?"

"நாறின மீன டீச்சர் கொண்டு போயி, நாளைக்கு ரெண்டு பேரு மூஞ்சியிலயும் எறியவா?"

இரண்டு குரலும் மோதியதில் தகரக்கூரை அதிர்ந்தது. நாராயணபெருமாள் சார் ஓடிவந்தார். இது ஏதோ புதுமாதிரி நடிப்புப் பயிற்சி, செசிலியம்மா சொல்லாமலே ஏற்பாடு செய்துவிட்டாள் என்று நினைத்து, முகமெல்லாம் மலர்ந்து கைதட்டினார். அவர் தட்டியதால் பிள்ளைகளும் தட்டினார்கள்.

கைதட்டல் ஓய்ந்ததும் சகாயசெல்வி சத்தத்தைக் குறைத்தாள். "இந்தச் சருவம் எனக்க மேல படவே இல்ல பிள்ளைகளே. தூணுலதான் பட்டது. நெளிவப் பாருங்க, தூணுக்க மூலை தெரியும். சருவத்துக்கா நான் நாலு வருசம் மிண்டாம இருந்தேன்? வீட்டுல வச்சிருந்தா அதப் பாக்கும்போதெல்லாம் இவ சொன்னது காதுல விழுது. அதான் இங்க கொண்டு போட்டேன். எறிஞ்சத தினம் சொல்லுதா. எறிஞ்சிட்டு என்ன சொன்னான்னு சொல்லச் சொல்லுங்க."

கூடம் அமைதியானது. அந்தக் கட்டடத்துக்குச் சமாதானக் கூடம் என்று பெயர் வைத்த நாளிலிருந்து அப்படி ஒரு அமைதி அங்கே இருந்ததில்லை. செசிலி சருவத்தைக் கீழே வைத்தாள். ஓடிவிடலாமா என்று வாசலைப் பார்த்தாள், வாசல் நிறைய மீன்காரிகள். வாயைத் திறந்தாள். உதடு அசைந்தது.

"கேக்கல்ல ஆன்ட்டி!" என்று பின்வரிசைப் பிள்ளைகள் கத்தினார்கள்.

செசிலியின் வாழ்க்கையில் அவளிடம் யாரும் சொல்லாத வார்த்தை அது. மீண்டும் சொன்னாள். "இன்னும் சத்தமா!" என்றார்கள். வேறு வழியில்லாமல் அவள் முழுத் தொண்டையில் சொன்னாள், வார்த்தை வார்த்தையாக.

"பிள்ள இல்லாதவள எனக்க பிள்ளைக்க தலையத் தொட விட்டேன் பாரு, அதான் பிள்ள வெளங்கல்லன்னு சொன்னேன்! அந்த வருசம் லிஜா பிளஸ் டூவில ஒரு பாடத்துல தோத்ததுக்கு இவள அப்பிடிச் சொன்னேன்! பாவி நான்! மன்னிச்சிருட்டி செல்வி!"

சாரின் கைகள் தட்டுவதற்காகத் தூக்கியபடியே நின்றுவிட்டன. யாரும் தட்டவில்லை. சகாயசெல்வி சும்மாட்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, டெம்போவில் ஏறிப் போனாள்.

செசிலி அன்றைக்கு அரைநாள் லீவு கேட்டாள். சார் முழுநாளும் கொடுத்தார். வீட்டுக்குப் போய் நல்ல சேலை உடுத்து, அல்போன்ஸை வெள்ளை வேட்டி கட்டவைத்து, "கல்யாணம் விளிக்கப் போறோம், அங்க வந்து வாயத் திறக்கக் கூடாது" என்று சொல்லிக் கூட்டிக்கொண்டு நடந்தாள். அவர் கல்யாணமான நாளிலிருந்தே திறந்ததில்லை. செருப்பு மட்டும்தான் போகும் என்று சொன்னவள், சகாயசெல்வியின் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றாள்.

"மன்னிப்பு அங்க கேட்டாச்சுல்லா. இங்க எதுக்கு?"

"இங்க கல்யாணம் விளிக்க வந்தேன். வந்து பிள்ளைக்க தலையில கைய வச்சு அனுப்புட்டி."

சகாயசெல்வி இரண்டு கைகளையும் முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். "நான் வரல்ல."

"இன்னும் கோவமா?"

"கோவம்னா அண்ணைக்கே நானும் ஒரு சருவத்த எடுத்து எறிஞ்சிட்டுப் போயிருப்பேன். கோவம் இல்லட்டி. பயம். நீ சொன்ன பெறவு பிள்ளைக்கு மஞ்சக்காமாலை வந்துதுல்லா? ஆஸ்பத்திரிக்கு வந்தேன். வார்டு வாசல் வர வந்து எட்டிப் பாத்தேன். மஞ்சளா கெடந்தா. உள்ள வந்து தொட்டா, நீ சொன்னது போல வெளங்காம போயிருவாளோன்னு திரும்பிட்டேன். வீட்டுக்கு வந்தாலும் அதான் முகம் கொடுக்கல்ல. இந்தக் கைய வச்சிட்டு கல்யாணத்துக்கு எப்படி வாறது?"

சந்தை இரைச்சலில் எறிந்த வார்த்தை, அன்றைக்கே மண்ணோடு போயிருக்கும் என்றல்லவா செசிலி நினைத்திருந்தாள்? அது இங்கே இந்தச் சின்ன வீட்டுக்குள் நாலு வருடமாகச் சோறு தின்று வளர்ந்துகொண்டிருந்திருக்கிறது. கண்ணீர் பொலபொலவென்று வந்தது. துடைக்கக்கூட இல்லை. முட்டுவலியோடு அப்படியே படியில் உட்கார்ந்து, தலையைக் குனிந்து, கொண்டையை அவிழ்த்துவிட்டாள்.

"முதல்ல எனக்க தலையில வை. எனக்கு என்ன ஆவுதுன்னு பாப்போம். இந்தா, அல்போன்ஸு சாட்சி. ஒண்ணும் ஆவல்லேன்னா நீ வரணும்."

சகாயசெல்வி முந்தானைக்குள்ளிருந்து கையை எடுத்தாள். செசிலியின் நரைத்த உச்சியைத் தொட்டாள். தொட்ட கை கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தது. பிறகு விரல்களை மடக்கி நங்கென்று ஒரு குட்டு வைத்தாள். அல்போன்ஸே பல்லைக் கடித்துக்கொண்டார்.

"வலிக்கா?"

"வலிக்குட்டி!"

"வேற?"

"வேற ஒண்ணும் ஆவல்ல."

சகாயசெல்வி தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு முந்தானையில் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு, "கல்யாணப் பூசை எத்தன மணிக்கு?" என்று கேட்டாள்.